சொற்பொருளும் செயல்முறையும்: சதிபட்டான சூத்திரத்தைப் பபஞ்சசூதனி உரையுடன் பயிற்சிநூலாகப் பயிலுதல்

ஆய்வுச்சுருக்கம்

பாலித் திரிபிடகத்தின் மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாவதாக அமைந்துள்ள சதிபட்டான சூத்திரம், தேரவாத பௌத்தத்தின் தியானப் பயிற்சிக்கு அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. அச்சூத்திரத்திற்குக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் வகுத்த பபஞ்சசூதனி உரை, மூலத்தின் சுருங்கிய சொற்களைப் பயிற்சிக்குரிய நெறியாக விரிக்கிறது. மூலத்தை உரையுடன் சேர்த்துப் பயிலும்போது உரை ஆற்றும் மூன்று வேறுபட்ட பணிகளை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. அவை சொற்பொருளை வரையறுத்தல், செயல்முறையை வழங்குதல், காணப்படும் பொருளைக் கொள்கைவழி விளக்குதல் என்பனவாகும். இம்மூன்றையும் ஒரே தகுதியுடையனவாகக் கொள்வதும், மூன்றையும் ஒருசேரத் தள்ளுவதும் பயிற்சிநோக்கில் பிழையாகும் என்பதும், உரையின் கொள்கை விளக்கத்தைப் பயில்வோர் ஒப்பிக்கும் விடையாகக் கொள்ளாமல் ஆராயும் வினாவாகக் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: சதிபட்டானம், பபஞ்சசூதனி, புத்தகோசர், விசுத்திமக்கம், உரைமரபு, விபஸ்ஸனா, கடைப்பிடி.

முன்னுரை

சமய மூலநூலொன்றை அறிவுக்காகப் பயில்வதும் ஒழுகுவதற்காகப் பயில்வதும் ஒன்றல்ல. அறிவுக்காகப் பயில்வோர் ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டெனக் கண்டால், இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்லலாம். ஒழுகுவதற்காகப் பயில்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. மூச்சின்மேல் மனத்தை நிறுத்த அமர்ந்தவர், நூல் கூறும் 'காயம்' மூச்சையா முழு உடலையா குறிக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். பொருள் மாறினால் செய்யும் செயலும் மாறும். ஆகவே பயிற்சிநூலாகக் கொள்ளப்படும் மூலத்திற்கு உரை இன்றியமையாததாகிறது.

மணிமேகலையின் 30ஆம் காதை, அறவண அடிகளின் அறிவுரையை முடிக்குமிடத்தில் கேள்வி, சிந்தனை, பாவனை, காட்சி என்னும் நான்கினையும் மயக்கம் நீங்குவதற்குரிய நெறியாக வரிசைப்படுத்துகிறது. இவ்வரிசையில் உரை நிற்குமிடம் கேள்விக்கும் பாவனைக்கும் இடைப்பட்டதாகும். கேட்டதைப் பாவனைக்கு உரியதாக்குவது அதன் பணி. ஆனால் உரை தன் எல்லையைக் கடந்து காட்சியின் இடத்தையும் தானே நிரப்பிவிடும் வாய்ப்பும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடே இங்கு ஆராயப்படுகிறது.

மூலமும் உரையும்

சதிபட்டான சூத்திரம் குரு நாட்டின் கம்மாசதம்மம் என்னும் ஊரில் புத்தர் கூறியதாக அமைந்துள்ளது. உடல், நுகர்ச்சி, உள்ளம், தம்மங்கள் ஆகிய நான்கினையும் நோக்கியிருத்தலை அது கற்பிக்கிறது. இதன் விரிந்த வடிவம் தீக நிகாயத்தில் 22ஆம் சூத்திரமாக உள்ளது. நான்கு உண்மைகளைப் பற்றிய பகுதி அதில் விரிவாக அமைந்திருப்பதே முதன்மையான வேறுபாடு. 1954 முதல் 1956 வரை இரங்கூனில் நடைபெற்ற ஆறாம் சங்காயனப் பதிப்பு, மஜ்ஜிம நிகாயத்திலும் அவ்விரிந்த வடிவத்தையே அச்சிட்டுள்ளது.

பபஞ்சசூதனி மஜ்ஜிம நிகாயம் முழுமைக்கும் எழுந்த உரை. மகாவிகாரையில் சிங்கள மொழியில் வழங்கிய பழைய உரைகளைப் பாலிக்கு மாற்றியதாகப் புத்தகோசர் தம் நிகாய உரைகளின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். எனவே இவ்வுரை தனியொருவரின் கருத்தாக அமையாமல், பல தலைமுறை ஆசிரியர்களின் பாடங்களைத் தொகுத்த ஆவணமாகவும் விளங்குகிறது. இதன் இறுதிப் பாடல்கள், மயூரம் என்னும் சொல்லை முன்னாகக் கொண்ட பெயருடைய பட்டினத்தில் தம்முடன் முன்பு வாழ்ந்த புத்தமித்த தேரரின் வேண்டுகோளுக்கு இணங்க இது எழுதப்பட்டதாகக் கூறுகின்றன. அங்குத்தர நிகாய உரையின் இறுதிப் பாடல்கள், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் உடன் வாழ்ந்த சோதிபாலரைக் குறிப்பிடுகின்றன. இலங்கையில் உருவான இவ்வுரைகளின் ஆக்கத்தில் தென்னிந்தியத் துறவியர்க்கும் பங்கிருந்தது என்பதற்கு இவை அகச்சான்றுகளாகும்.

தமிழ் இலக்கணமரபு உரைகளைக் காண்டிகை, விருத்தி எனப் பகுக்கும். அவ்வகையில் பபஞ்சசூதனியை விருத்தியுரையோடு ஒப்பிடலாம். பதப்பொருள் கூறுவதோடு நில்லாமல் வினாவிடை, உவமை, கதை, பிறர்கோள் மறுப்பு, வேறுநூற் சுட்டு ஆகியவற்றையும் அது கொண்டுள்ளது. இவையனைத்தும் ஒரே நடையில் இடையீடின்றித் தொடர்வதால், எது சொற்பொருள், எது செயல்முறை, எது கொள்கை என்னும் வேறுபாடு படிப்போர்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

சொற்பொருள் வரையறை

உரையின் முதற்பணி, மூலச்சொல் எதனைக் குறிக்கிறது என்பதை உறுதிசெய்வதாகும். இதற்கு மூன்று சான்றுகளைக் காணலாம்.

முதலாவது 'பிக்கு' என்னும் சொல். சூத்திரம் பிக்குகளை விளித்தே பேசுகிறது. சொல்லின் நேர்பொருளைக் கொண்டால் இப்பயிற்சி துறவியர்க்கே உரியதாகும். உரையோ, இந்நெறியை மேற்கொண்டு ஒழுகுபவர் எவராயினும் அவர் இவ்விடத்தில் பிக்கு எனப்படுவார் என விளக்குகிறது. இதற்கு அரணாகக் குரு நாட்டு மக்களைப் பற்றிய செய்தியையும் தருகிறது. அந்நாட்டில் ஏவலரும் பணியாளரும் கூட இப்பயிற்சியைப் பற்றியே உரையாடினர் என்றும், நீர்த்துறையிலும் நூல் நூற்குமிடத்திலும் வீண்பேச்சு நிகழ்வதில்லை என்றும், எந்தப் பயிற்சியில் இருக்கிறாய் என்று கேட்கப்பட்டு ஒன்றும் இல்லை என விடையிறுத்த பெண்ணைப் பிறர் கடிந்துரைத்தனர் என்றும் அது கூறுகிறது. வரலாற்றுச் செய்தியாக இதனை ஏற்பதில் தயக்கம் இருக்கலாம். ஆயினும் நூலின் பயிற்சியுரிமையை இல்லறத்தார்க்கும் விரிக்கும் உரைமரபின் நோக்கம் இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

இரண்டாவது, மூச்சுப்பயிற்சியில் வரும் 'முழுக்காயம்' என்னும் தொடர். இப்பகுதிக்குப் பபஞ்சசூதனி விரிவான விளக்கம் தராமல், விசுத்திமக்கத்திற் கூறியவாறே கொள்க என வழிப்படுத்துகிறது. விசுத்திமக்கத்தின் எட்டாம் இயல் இத்தொடரை மூச்சின் தொடக்கம், இடை, முடிவு ஆகிய முழு அளவாகக் கொள்கிறது. முழு உடலையும் உணர்தல் எனக் கொள்ளும் மாற்றுப்பொருளும் இக்காலப் பயிற்சியாளரிடையே வழங்குகிறது. இவ்விடத்தில் உரையின் பொருளுக்கு மூலத்திலேயே அரண் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆம் சூத்திரமாகிய ஆனாபானசதி சூத்திரம், மூச்சினைக் காயங்களுள் ஒரு காயமாகக் கூறுகிறது. எனவே உரை மூலத்தின் மேல் புதுப்பொருளை ஏற்றியது என்னும் குற்றச்சாட்டு இவ்விடத்திற்குப் பொருந்துவதன்று.

மூன்றாவது, 'அகத்தும் புறத்தும்' நோக்குதல். உரை 'அகம்' என்பதைத் தன் உடல் முதலியன என்றும், 'புறம்' என்பதைப் பிறருடையன என்றும் கொள்கிறது. ஒரு காலத்தில் தன்னுடையதையும் மற்றொரு காலத்தில் பிறருடையதையும் நோக்குதல் என அதனை விளக்குகிறது. தன் உள்நிலையை மட்டும் நோக்குவதே இப்பயிற்சி என்னும் பரவலான எண்ணத்திற்கு இது மாறானது. உரையைப் புறக்கணித்துப் பயில்வோர் எளிதில் தவறவிடும் பகுதியும் இதுவே.

செயல்முறை வழங்கல்

உரையின் இரண்டாம் பணி, மூலம் கூறாது விட்ட செயல்முறையைத் தருவதாகும். நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் அறிதல் வேண்டும் என மூலம் கூறி, கடைசல் தொழிலாளி தன் இழுப்பின் நீளத்தை அறிவதை உவமையாகக் காட்டுகிறது. அமர்ந்தவரின் மனம் மூச்சில் நில்லாதபோது செய்யத்தக்கது யாது என்பதை அப்பகுதி கூறவில்லை.

இவ்விடைவெளியை விசுத்திமக்கம் நிரப்புகிறது. மூச்சை எண்ணும் முறையை அது கற்பிக்கிறது. ஐந்திற்குக் குறையாமலும் பத்திற்கு மிகாமலும் எண்ண வேண்டும் என்றும், முதலில் தானியம் அளப்பவர்போல் மெல்லவும், பின்னர் மாடுகளை எண்ணும் ஆயர்போல் விரைந்தும் எண்ண வேண்டும் என்றும் அது கூறுகிறது. எண்ணிக்கை நிலைபெற்றபின் அதனைக் கைவிட வேண்டும் என்பதும் அதன் கருத்து. நகரத்திற்கு உள்ளும் புறமும் செல்வோரைத் தொடராமல் வாயிலுக்கு வந்தவரை மட்டும் நோக்கும் வாயிற்காவலனின் உவமை, மூச்சு தொடுமிடத்தில் மனத்தை நிறுத்துவதை விளக்குகிறது. பழகாத கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தூணில் கட்டிவைப்பதுபோல, அலையும் மனத்தைக் கடைப்பிடி என்னும் கயிற்றால் மூச்சில் கட்டுதல் வேண்டும் என்னும் உவமையும் உரைமரபில் உண்டு. கயிறு அறுபடாதவரை கன்று துள்ளினாலும் இறுதியில் தூணருகே படுத்துவிடும் என்பது, தொடக்கநிலையில் மனம் அலைவதைத் தோல்வியாகக் கருதி அஞ்சுவோர்க்குத் தேறுதலாகிறது.

அன்றாடச் செயல்களில் தெளிந்த அறிவோடு இருத்தல் பற்றிய பகுதியிலும் உரையின் பங்களிப்பு பெரிது. பயன் அறிதல், தகுதி அறிதல், பயிற்சிப்பொருளை விடாமை, மயக்கமின்மை என அதனை உரை நால்வகைப்படுத்துகிறது. மூன்றாவதற்குத் தேரர் ஒருவரின் நிகழ்ச்சி சான்றாகிறது. மாணாக்கரோடு உரையாடியவாறு கையைத் திடீரென மடக்கிய அவர், மடக்கிய கையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுசென்று, பின் மெல்ல மடக்கினார். காரணம் கேட்டபோது, பயிற்சி தொடங்கிய நாள்முதல் பயிற்சிப்பொருளை விட்டுக் கையை மடக்கியதில்லை என்றும், உரையாடலில் அதனை விட்டுவிட்டதால் மீண்டும் செய்ததாகவும் கூறினார். தவறு நேர்ந்ததும் தன்னை நொந்துகொள்ளாது, செயலை மீளச் செய்யும் எளிய முறையே இக்கதை தரும் பாடம்.

இவ்விரண்டாம் பணியை மதிப்பிடும் அளவுகோல் சொற்பொருளுக்கு உரியதினின்றும் வேறானது. எண்ணுதல் மூலத்தில் இல்லை என்பது உண்மை. ஆயின் அது மூலத்திற்கு முரணானதும் அன்று. செயல்முறை மெய்யா பொய்யா என்று கேட்பதைவிட, மூலம் கூறும் நிலைக்கு அது இட்டுச்செல்கிறதா என்று கேட்பதே பொருத்தமாகும். விசுத்திமக்கமே எண்ணுதலைக் கைவிடத்தக்க கருவியாகக் காட்டுவது இக்கருத்திற்கு வலுவூட்டுகிறது.

கொள்கை விளக்கம்

உரையின் மூன்றாம் பணியே மிகுந்த ஆராய்ச்சிக்குரியது. நடக்கும்போது நடக்கிறேன் என அறிதல் வேண்டும் என்று மூலம் எளிய வாய்பாட்டில் கூறுகிறது. இவ்விடத்தில் உரை ஒரு தடையை எழுப்புகிறது: நாயும் நரியும் கூடத் தாம் நடப்பதை அறியும், அத்தகைய அறிவை இச்சூத்திரம் கருதவில்லை. அவ்வறிவு உயிரி ஒன்று உண்டு என்னும் பற்றை நீக்குவதில்லை. ஆதலால் அது பயிற்சியாகாது என்பது உரையின் விளக்கம். நுகர்ச்சியைப் பற்றிய பகுதியிலும், பாலுண்ணும் குழந்தையும் இன்பத்தை அறியும் என இதே தடை எழுப்பப்படுகிறது.

பின்னர் உரை மூன்று வினாக்களை முன்வைக்கிறது. நடப்பவர் யார்? நடத்தல் யாருடையது? நடத்தல் எதனால் நிகழ்கிறது? முதல் இரு வினாக்களுக்கும் நடப்பவர் என ஒருவர் இல்லை என்பது விடை. மூன்றாவதற்கு, உள்ளத்தின் செயலால் எழுந்த காற்றுத் தாது பரவுவதால் நடத்தல் நிகழ்கிறது என்பது விடை. காற்றின் விசையால் கப்பலும் நாணின் விசையால் அம்பும் செல்வது உவமையாகிறது. வண்டி செல்கிறது, வண்டி நிற்கிறது என வழங்குவதுபோல, நடக்கிறேன் என்பதும் உலகவழக்கு மட்டுமே என உரை முடிக்கிறது.

இவ்விளக்கத்தின் வலிமையும் இடரும் ஒரே இடத்தில் உள்ளன. கவனம் மட்டுமே விடுதலை தராது என்னும் உண்மையை நாய், நரி பற்றிய தடை தெளிவாக நிறுவுகிறது. செய்வதைக் கவனமாகச் செய்தலே பௌத்தப் பயிற்சி எனச் சுருக்கிக் கூறும் போக்கிற்கு இது சிறந்த மறுப்பாகும். ஆயின் தொடர்ந்து வரும் காற்றுத் தாது விளக்கம் அபிதம்மக் கொள்கையின் மொழியில் அமைந்துள்ளது. மூலத்தின் இப்பகுதியில் அக்கொள்கை இல்லை. பயில்வோர் நடக்கும்போது அவ்விடையை மனத்துள் ஒப்பித்துக்கொண்டிருந்தால், நடத்தலை நோக்கும் பணி நின்று நடத்தலைப் பற்றிய ஒரு கருத்தை நினைக்கும் பணி தொடங்குகிறது. நடப்பவர் இல்லை என்பதைக் கண்டறிவதற்கு முன்பே அதனை நம்பிவிட்டவர், கண்டறிய வேண்டிய தேவையையே இழந்துவிடுகிறார்.

ஆகவே இப்பகுதியைப் பயிற்சிக்குக் கொள்ளும்போது வினாக்களுக்கும் விடைகளுக்கும் இடையே வேறுபாடு காணுதல் வேண்டும். வினாக்கள் நோக்கத்தைக் கூர்மையாக்கும் கருவிகள். நடத்தலின் எப்பகுதியில் நடப்பவர் காணப்படுகிறார் எனத் தேடத் தூண்டுபவை. விடைகளோ, முன்னோர் தேடிக் கண்டதாகக் கூறும் முடிவின் குறிப்புகள். குறிப்பைத் தன் காட்சியோடு ஒப்புநோக்கலாம். அதனையே காட்சியாகக் கொள்ளல் ஆகாது. உரை தானே வகுத்த அளவுகோலும் இதனையே வற்புறுத்துகிறது. உயிரி என்னும் பற்றை நீக்காத அறிவு பயிற்சியாகாது எனில், மனப்பாடம் செய்த காற்றுத் தாதுக் கொள்கையும் அப்பற்றை நீக்காதவரை பயிற்சியாகாது.

கொள்கையை ஒப்பிக்காமல் அதன் பயனை மட்டும் காட்டும் பகுதியும் உரையிலேயே உண்டு. துறவுப் பெண்டிரிடம் வளர்ந்த கிளி ஒன்று எலும்பு எலும்பு என்னும் சொல்லைப் பயிற்சிப்பொருளாகப் பெற்றிருந்தது. பருந்து கவர்ந்து சென்று மீட்கப்பட்டபின், அப்போது என்ன எண்ணினாய் எனக் கேட்கப்பட்டது. எலும்புக் குவியல் ஒன்று எலும்புக் குவியல் ஒன்றைத் தூக்கிச் செல்கிறது என எண்ணியதாக அது விடையிறுத்தது. கிளிக்குக் கொள்கை தெரியாது. இருப்பினும் அச்சுறுத்தும் வேளையில் கவர்பவர், கவரப்படுபவர் என்னும் எண்ணம் அதற்கு எழவில்லை. கிளி சொல்லைத் திருப்பிச் சொல்லும் இயல்புடையது என்பதையும் இங்குக் கருதலாம். சொல் பயனுற்றதா என்பதைச் சொல்லிய முறையைக்கொண்டு அறிய இயலாது. இடர் வந்தபோது அது என்ன செய்தது என்பதைக்கொண்டே அறிய இயலும் என்பது இக்கதையின் உட்பொருளாகக் கொள்ளத்தக்கது.

உரைக்குள் மாற்றுக்கருத்து

உரையை ஒரே குரலில் பேசும் அதிகாரமாகக் கொள்வோர், அது பதிவுசெய்துள்ள கருத்துவேறுபாடுகளைக் காணத் தவறுகின்றனர். பபஞ்சசூதனி இச்சூத்திரத்தில் 21 பயிற்சிப்பொருள்களை எண்ணுகிறது. உடல்நோக்கு 14, நுகர்ச்சி 1, உள்ளம் 1, தம்மங்கள் 5 என்பது அதன் கணக்கு. இவற்றுள் மூச்சு, உடற்கூறுகள், ஒன்பது சுடுகாட்டு நோக்குகள் ஆகிய 11 மட்டுமே முழு ஒன்றுதலைத் தரும் என முதலில் கூறப்படுகிறது. தீக நிகாயம் ஓதும் மரபினராகிய மகாசிவ தேரரின் கருத்து உடனே தொடர்கிறது. சுடுகாட்டு நோக்குகள் உடலின் குறைபாட்டை உணர்த்தவே கூறப்பட்டவை ஆதலால், முழு ஒன்றுதல் தருவன இரண்டே என்பது அவர் கருத்து.

இதனினும் முதன்மையானது அடுத்த கருத்துவேறுபாடு. நடத்தல் முதலிய உடல்நிலைகள், தெளிந்த அறிவு, தடைகள், போதி உறுப்புகள் ஆகியவற்றில் உள்ளுணர்வுப் பயிற்சியின் தொடக்கம் அமைவதில்லை எனப் பெயர் சுட்டாத கருத்து ஒன்று கூறப்படுகிறது. மகாசிவ தேரர் அவற்றிலும் அது அமையும் என்கிறார். ஒரே வினாவிற்கு இரு விடைகளும் உரையில் நிலைபெற்றுள்ளன. பயிற்சியின் தொடக்கப்பொருள் எது என்னும் இன்றியமையாத வினாவிலேயே மகாவிகாரை மரபு இரு கருத்துகளைக் காத்துவந்துள்ளது. உரைமரபு இவ்வாறு கூறுகிறது என ஒருமையில் மொழிவது இத்தகைய இடங்களில் உரைக்கே மாறானதாகும்.

தற்காலப் பயிற்சி மரபுகள்

20ஆம் நூற்றாண்டில் பரவிய விபஸ்ஸனா மரபுகள் இம்மூலத்தையும் உரையையும் வேறுவேறு முறையில் கையாண்டுள்ளன. பர்மாவின் மகாசி சயாதோ (1904–1982) ஆறாம் சங்காயனத்தில் வினவுநராகப் பணியாற்றியவர். திரிபிடகத்திலும் உரைகளிலும் ஆழ்ந்த புலமையுடையவர். அவர் கற்பித்த முறையில் வயிற்றின் எழுச்சியும் தாழ்ச்சியும் முதன்மைப் பயிற்சிப்பொருளாகின்றன. சூத்திரத்தில் வயிறு பேசப்படவில்லை. அவ்வசைவைத் தொட்டுணரப்படும் காற்றுத் தாதுவாகக் கொண்டே அம்மரபு அதற்கு நூல்வழி இடமளிக்கிறது. நடத்தலுக்கு உரை கூறிய காற்றுத் தாது விளக்கத்தை இதனோடு ஒப்பிட்டால், உரையின் கொள்கைப் பகுதி ஒன்று புதிய செயல்முறையாக மாறுவதைக் காணலாம். உடல்நிலைகளைத் தொடக்கப்பொருளாக ஏற்கும் மகாசிவரின் நிலைப்பாடும் இம்மரபிற்கு அணுக்கமானது.

ஊ பா கின் (1899–1971) வழிவந்த ச. நா. கோயங்கா (1924–2013) 1969 முதல் இந்தியாவில் பரப்பிய முறையில், உடலில் எழும் உணர்வுகளை நோக்குதல் நடுவிடம் பெறுகிறது. நுகர்ச்சிநோக்கு அதற்கு நூலடிப்படையாகக் காட்டப்படுகிறது. ஆனால் மூலம் நுகர்ச்சியை உலகியற் பற்றோடு கூடியது, கூடாதது எனவும் பகுக்கிறது. முன்னதை இல்வாழ்வைச் சார்ந்து ஆறு புலன்வழி எழும் உவகை முதலியனவாகவும், பின்னதைத் துறவைச் சார்ந்தெழும் உவகை முதலியனவாகவும் உரை விளக்குகிறது. எனவே உரைவழி நோக்கினால் நுகர்ச்சி என்பது உடலுணர்வினும் விரிந்த பொருளுடையது. உடலுணர்வை நோக்கும் முறை பயனற்றது என்பது இதனால் பெறப்படவில்லை. சூத்திரத்தின் நுகர்ச்சிப்பகுதி முழுவதையும் அது உள்ளடக்கியதாகக் கொள்ளலாகாது என்பதே பெறப்படுகிறது.

மூலம் மட்டும் போதும் என்னும் நிலைப்பாடு

உரைகளை ஒதுக்கி மூலத்திற்கே மீள வேண்டும் என்னும் கருத்து அண்மைக்கால ஆய்வுகளில் வலுப்பெற்றுள்ளது. சீன மொழியில் உள்ள இணைநூல்களின் ஒப்பீடு இதற்குத் துணையாகிறது. இச்சூத்திரத்தின் இணைகள் மத்யம ஆகமத்தின் 98ஆம் சூத்திரமாகவும், ஏகோத்தர ஆகமத்திலும் கிடைக்கின்றன. உடற்கூறுகளும் தாதுக்களும் சுடுகாட்டு நோக்கும் மூன்று நூல்களிலும் உள்ளன. உடல்நோக்கின் முதற்பயிற்சியாகப் பாலிநூலில் அமைந்த மூச்சுநோக்கு, ஏகோத்தர ஆகம வடிவத்தில் இடம்பெறவில்லை. பேராசிரியர் அனாலயோவின் ஆய்வுகள் இவ்வேறுபாடுகளை விரிவாக வெளிப்படுத்தியுள்ளன.

இவ்வொப்பீடு இருமுனையும் கூரிய கருவியாகும். உரைக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் மூலமே ஓதுமரபுகளின் தொகுப்பு என்பதை அது காட்டுகிறது. எவ்வகை விளக்கமும் கலவாத தூய மூலம் ஒன்று உண்டு என்னும் எடுகோளை அது தளரச் செய்கிறது. மேலும், உரையை விலக்கியவரும் உரையின்றிப் பயில்வதில்லை. பழைய உரையின் இடத்தில் அவர் ஆசிரியரின் சொற்பொழிவோ, மொழிபெயர்ப்பாளரின் சொல்தேர்வோ, அவர்தம் முன்முடிவோ அமர்கிறது. பழைய உரை தன்னை உரை என வெளிப்படையாக அறிவித்துக்கொள்கிறது; மாற்றுக்கருத்தையும் பதிவுசெய்கிறது. அறிவிக்கப்படாத உரைகளுக்கு இவ்விரு பண்புகளும் பெரும்பாலும் இல்லை.

தமிழில் பயிலுதல்

மொழிபெயர்ப்புச் சொல்லும் ஓர் உரையே என்பதற்குச் 'சதி' என்னும் பாலிச்சொல் சான்றாகும். அதனை ஒலிபெயர்த்தால் தமிழில் சூழ்ச்சி என்னும் பொருள் குறுக்கிடுகிறது. விழிப்புணர்வு, கவனம் என்னும் இக்காலச் சொற்கள் நிகழ்வதை அறிதலை மட்டும் உணர்த்துகின்றன. நினைவு என்பது கடந்ததை எண்ணுதலாகப் பொருள்படும். விசுத்திமக்கத்தின் 14ஆம் இயல், மிதந்து அகலாமையைச் சதியின் இலக்கணமாகவும், மறவாமையை அதன் தொழிலாகவும், காத்தலை அதன் வெளிப்பாடாகவும் வகுக்கிறது. தூணையும் வாயிற்காவலனையும் உவமை கூறுகிறது.

இவ்விலக்கணத்திற்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் 'கடைப்பிடி' ஆகும். இறையனார் களவியல் உரை, தலைமகனுக்குரிய குணங்களுள் ஒன்றாக இதனை எண்ணி, உளத்திற்கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்னும் கருத்தில் விளக்குகிறது. பௌத்தச் சூழலுக்கு வெளியே எழுந்த இவ்விளக்கம், பாலி உரை சதிக்குக் கூறும் மறவாமையோடு ஒத்துச் செல்கிறது. கவனம் என மொழிபெயர்த்தால் நாயும் நரியும் பற்றிய உரையின் தடை விடையற்றதாகிவிடும், அவையும் கவனமுடையன. கடைப்பிடி எனக் கொண்டால், எதனை மறவாதிருத்தல் என்னும் வினா உடன் எழுகிறது. ஏற்ற பயிற்சிப்பொருளையும் அதன் நோக்கத்தையும் மறவாதிருத்தல் என்பதே அதற்கு விடையாகும். கையை மீண்டும் மடக்கிய தேரரின் செயலும் இச்சொல்லாலேயே முழுமையாக விளங்கும்.

முடிவுரை

சதிபட்டான சூத்திரத்தைப் பயிற்சிநூலாகப் பயில்வோர்க்குப் பபஞ்சசூதனி இன்றியமையாத துணையாகும். அதன் சொற்பொருளைப் பிற சூத்திரங்களின் சான்றுகொண்டும், செயல்முறையை அது இட்டுச்செல்லும் நிலைகொண்டும், கொள்கை விளக்கத்தை உயிரி என்னும் பற்று தளர்கிறதா என்னும் உரையின் சொந்த அளவுகோல் கொண்டும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். உரை எழுப்பும் வினாக்கள் பயில்வோர்க்கு உரியன. அதன் விடைகள் பயின்றபின் ஒப்புநோக்குதற்கு உரியன.

விசுத்திமக்கத்தின் மூன்றாம் இயல், பயிற்சிப்பொருளை நல்ல நண்பராகிய ஆசிரியரை அணுகிப் பெறுமாறு கூறுகிறது. தியானத்தை விரித்துரைக்கும் பெருநூலே பயில்வோரை ஓர் ஆசிரியரிடம் செல்லுமாறு பணிப்பது கருதத்தக்கது. தன் எல்லையை அறிந்த உரை அது. அவ்வெல்லைக்குள் நின்று பயிலப்படும்போதே மூலமும் உரையும் ஒன்றையொன்று விளக்குகின்றன. காட்சிக்குரிய இடம் பயில்வோரின் பொறுப்பாகவே நிற்கிறது.